‘எனக்குப் போக வேண்டும்’: பிழையா, எல்லைத் தமிழின் இலக்கணமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விடைத்தாள் திருத்தும்போது எழுந்த ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழி வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கங்களில் வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் தமிழ்தான் பேச்சு. பஸ்ஸின் பெயர்ப்பலகையும் அலுவலகத்துப் படிவமும் மலையாளம். பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே வளர்கிறார்கள்.

எட்டாம் வகுப்புக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் இது: ‘எனக்கு மேலே படிக்க வேண்டும்.’ ‘எனக்குப் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும்.’ பாடநூல் தமிழில் இது ‘நான் மேலே படிக்க வேண்டும்’, ‘நான் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று இருக்க வேண்டும். உடன் பணியாற்றும் ஒருவர் இவற்றைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ‘மலையாளம்’ என்று எழுதிவிடுகிறார். மதிப்பெண்ணும் குறைகிறது.

நானும் திருத்தத்தான் போனேன். வகுப்பில் கேட்டபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. ‘நான் போக வேண்டும்’, ‘எனக்குப் போக வேண்டும்’ இரண்டும் பிள்ளைகளுக்கு ஒன்றல்ல. முதலாவது கடமை: அப்பா சொல்லிவிட்டார், போகாமல் இருக்க முடியாது. இரண்டாவது ஆசை: யாரும் சொல்லவில்லை, மனம் போகத் துடிக்கிறது. மலையாளத்தில் ‘ஞான் போகணம்’, ‘எனிக்கு போகணம்’ என்ற இரண்டுக்கும் இதே வேறுபாடு உண்டு. அங்கிருந்துதான் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளைகூட இரண்டையும் மாற்றிப் போடவில்லை. இத்தனை ஒழுங்காக இருக்கும் ஒன்றை வழு என்று எந்த நியாயத்தில் சொல்வது?

ல, ள, ழ மாறினால் தயங்காமல் திருத்துகிறேன். ‘பதட்டம்’ என்று எழுதினால் ‘பதற்றம்’ என்று மாற்றுகிறேன். இந்த ஒன்றில் மட்டும் கை நிற்கிறது. பெரியவர்கள் சொல்லுங்கள்.

திருத்தணி பிழைதிருத்துநர் எழுதியது:

டீச்சர், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் என் பதில் நேரானது: பிழைதான், திருத்துங்கள்.

நூல்களுக்கும் இதழ்களுக்கும் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். நான் பிறந்த ஊர் 1960 வரை ஆந்திரத்தில் இருந்தது. அதனால் எல்லை என்றால் என்ன என்பது எங்கள் குடும்பத்துக்கும் தெரியும். தெலுங்குப் பள்ளியில் படித்த என் தந்தை, தமிழ் எழுதும்போது ஒரு தெலுங்குத் தொடரும் நுழையாமல் பார்த்துக்கொண்டார். எல்லையில் இருப்பவருக்குத்தான் வேலி அதிகம் தேவை என்று சொல்வார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட விவாதத்தில் யாராவது உடனே நன்னூலின் கடைசி நூற்பாவை எடுத்துக்கொண்டு வருவார்கள். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று. அது ‘கால வகையினானே’ என்று முடிகிறது. காலம் ஏற்றுக்கொண்டதைத்தான் பவணந்தியார் வழுவல்ல என்கிறார். நேற்று நுழைந்ததை இன்று ஏற்கச் சொல்லவில்லை. தொல்காப்பியமோ ‘வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே’ என்கிறது. அறிவுடையோர் வழக்கே வழக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வழக்கு அதுவாகாது.

இன்னொன்று. ஆசையைச் சொல்லத் தமிழில் வழியா இல்லை? ‘போக ஆசையாக இருக்கிறது’, ‘போக விரும்புகிறேன்’, ‘போகப் பிடிக்கும்’ என எத்தனையோ உண்டு. இத்தனையும் கைவசம் இருக்கும்போது அடுத்த மொழியிடம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

மார்த்தாண்டத்துக்காரன் எழுதியது:

‘மலையாளம்’ என்ற ஒற்றைச் சொல்லால் வாயை அடைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சைக் கேட்டுவிட்டுச் சென்னையில் பலர் ‘நீங்கள் மலையாளியா?’ என்பார்கள். ‘காற்று’, ‘ஆற்றில்’ என்னும்போது நாங்கள் றகரத்தை நுனிநாக்கால் அண்ணத்தை ஒற்றி ஒலிக்கிறோம். அது மலையாள ஒலி போலக் கேட்கிறதாம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் என்ன சொல்கிறது? ‘அணரி நுனிநா அண்ணம் ஒற்ற றஃகான் னஃகான் ஆயிரண்டும் பிறக்கும்.’ எங்கள் ஊர் மீனவரும் ரப்பர் பால் வெட்டுகிறவரும் இன்றைக்கும் ஒலிப்பது அந்த ஒலியைத்தான். ‘காத்து’ என்றும் ‘காட்ரு’ என்றும் ஒலிப்பவர்கள் எங்களைத் திருத்த வருகிறார்கள்.

‘அவன் என் தம்பியாக்கும்’ என்பதும் அப்படியே. அந்த ‘ஆக்கும்’ வந்தால் பேசுபவர் உறுதியாகச் சொல்கிறார் என்று பொருள். நெல்லையிலும் பாலக்காட்டிலும் கேட்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது, எங்கள் பக்கத்துச் சொற்களுக்கு ‘நாஞ்சில் நாட்டு வழக்கு’ என்று குறியிட்டு இடம் கொடுத்தார்கள். குறி போட்டார்களே தவிர, சிவப்பு மை போடவில்லை.

பிழைதிருத்துநர் அண்ணனிடம் ஒரு கேள்வி: உயர்ந்தோர் என்பவர் யார்? அவர் எந்த ஊரில் இருக்கிறார்?

நகரி நெசவாளி எழுதியது:

நான் ஆந்திரத்து நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். இலக்கணம் பள்ளியோடு சரி. ஆனாலும் இந்தப் பேச்சு எங்கள் ஊருக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ‘அக்கா வந்தது’, ‘அத்தை சொன்னது’ என்று பேசுவோம். உயர்திணையை அஃறிணையாக்குகிறோம் என்று பட்டணத்து உறவினர்கள் கோபிப்பார்கள். தெலுங்கு பாதித்துவிட்டது என்று சொல்வார்கள். தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் பொருளுக்கும் வினைமுற்று ஒன்றே: ‘ஆமெ வச்சிந்தி’, ‘அதி வச்சிந்தி’. ஆணுக்கு மட்டும் தனி. அதனால் அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம் என்றே நினைத்திருந்தேன். பிறகு நூல் வாங்கக் கோயம்புத்தூர், மதுரை எல்லாம் போனேன். அங்கேயும் ‘அக்கா சொன்னது’ என்கிறார்கள். தெலுங்கு எல்லை அங்கே எங்கே இருக்கிறது?

இதைச் சொல்லும்போது அக்காவைத் தாழ்த்துவதாக நாங்கள் நினைப்பதே இல்லை. மிகவும் நெருங்கிய பெண்களுக்குத்தான் அப்படிச் சொல்வோம். அறிமுகம் இல்லாத பெண்மணியை ‘வந்தது’ என்று சொன்னால் எங்கள் ஊரிலும் அது மரியாதைக் குறைவு.

டீச்சரின் கேள்விக்கு எங்கள் பக்கத்து வழக்கையும் சொல்கிறேன். கடமை என்றால் ‘நான் போக வேண்டும்’. ஆசை என்றால் ‘எனக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது’. தெலுங்கிலும் ‘நாகு வெள்ளாலனி உந்தி’ என்று இதே அமைப்பில் சொல்வார்கள். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று தெரியாது. ஆனால் கேரளத்துப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே இடத்தில் ‘எனக்கு’ போடுகிறோம்.

செங்கோட்டை ஓய்வாசிரியர் எழுதியது:

நகரித் தம்பி, நீங்கள் இலக்கணம் பள்ளியோடு சரி என்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்னது நன்னூலில் இருக்கிறது. ‘உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே.’ மகிழ்ச்சியிலும் கோபத்திலும் பாலும் திணையும் மாறுவது இயல்பு என்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு. மாடு அம்மை ஆகலாம் என்றால், நெருக்கத்தால் அக்கா அஃறிணை முற்றுப் பெறுவதும் அந்த வழியில் வருவதுதான். நெருங்கியவருக்கு மட்டும் என்று நீங்கள் போட்ட எல்லை இருக்கிறதே, அதுதான் வழுவமைதியின், அதாவது காரணத்தோடு வரும் வழுவை ஏற்பதன், உயிர்.

பிழைதிருத்துநர் ஐயாவுக்கு ஒரு சொல். ‘அவர் வந்தார்’ என்று ஒருவரைக் குறித்து எழுதினால் திருத்துவீர்களா? மாட்டீர்கள். அதைவிடப் பண்பான தமிழ் ஏது என்பீர்கள். தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தைப் பாருங்கள்: ‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும் ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும் வழக்கினாகிய உயர்சொற் கிளவி, இலக்கண மருங்கிற் சொல்லா றல்ல.’ ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்வு. இலக்கண நெறி அன்று. தொல்காப்பியர் காலத்தில் இலக்கணத்துக்கு வெளியே நின்ற ஒன்று, இன்று நாம் ஒவ்வொரு மேடையிலும் முதலில் உச்சரிக்கும் மரியாதை. அதற்கு மேலும் ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ ஆக்கினோம். அந்தக் ‘கள்’ளும் தொல்காப்பியத்தில் அஃறிணைப் பெயர்களுக்கு உரியது. பன்மைக்கு மேல் பன்மை, அதுவும் அஃறிணையிலிருந்து எடுத்தது. இன்று அதை விட்டுவிட்டுப் பேசினால்தான் குற்றம்.

இனி டீச்சர் கேட்ட தொடர். ‘வேண்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘நான் போக வேண்டும்’ என்பதில் ‘வேண்டும்’ நானோடு இயையவில்லை. இயைந்தால் ‘வேண்டுவேன்’ என்று வர வேண்டும். என் போதல் வேண்டப்படுகிறது என்பதே அதன் உட்பொருள். ‘எனக்கு’ என்பதற்குத் தமிழில் இடம் இல்லையா? ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்கிறோம். ‘எனக்குப் பாடத் தெரியும்’, ‘எனக்குப் போகப் பிடிக்கும்’ என்கிறோம். தெரிவதும் பிடிப்பதும் நான்காம் வேற்றுமை கொள்ளும்போது, விரும்புவது மட்டும் கொள்ளக் கூடாதா? அந்தப் பிள்ளைகள் மலையாளத்திலிருந்து எடுத்தது ஒரு விதையை. அது விழுந்தது தமிழ் மண்ணில் முன்பே உழுது வைத்த இடத்தில்.

திருத்தணி பிழைதிருத்துநர் எழுதியது:

ஐயா, உங்கள் மேற்கோள்கள் எல்லாம் சரி. ஆனால் ஒப்புமையால் இலக்கணம் எழுத முடியாது. ‘பாடத் தெரியும்’ இருக்கிறது என்பதற்காக ‘எனக்குப் பாட முயல்கிறது’ என்று எழுத முடியுமா?

‘எனக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது’ என்ற நகரி நண்பரின் தொடர் நல்ல தமிழ். அங்கே ‘எனக்கு’ என்பது ‘இருக்கிறது’ என்பதைத் தழுவுகிறது. அதை எந்த மறுப்பும் இல்லாமல் அச்சுக்கு அனுப்புவேன். டீச்சரின் பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கலாமே.

என் மறுப்புக்கு முக்கியமான காரணம் இனிமேல்தான் சொல்லப் போகிறேன். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘எனக்குப் பணம் செலுத்த வேண்டும்.’ மதுரையில் படிப்பவர், யாரோ எனக்குப் பணம் தர வேண்டும் என்று புரிந்துகொள்வார். கொழிஞ்சாம்பாறையில் எழுதியவரோ, நான் பணம் செலுத்த விரும்புகிறேன் என்று எழுதியிருப்பார். ‘எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்’: யார் யாருக்கு எழுதுவது? பத்திரத்திலும் மனுவிலும் இப்படி ஒரு வாக்கியம் இருந்தால் கடன் கொடுத்தவர் வாங்கியவராகிவிடுவார். எழுத்துத் தமிழ் தூத்துக்குடிக்காரருக்கும் ஓசூர்க்காரருக்கும் கொழும்புக்காரருக்கும் ஒரே பொருளைத் தர வேண்டும். அதற்காகத்தான் நான் உட்கார்ந்து திருத்துகிறேன். யாருடைய ஊரையும் இழிவுபடுத்த அல்ல.

‘உயர்ந்தோர்’ யார் என்று மார்த்தாண்டத்துத் தம்பி கேட்டார். எந்த ஊரிலும் இருக்கலாம். எழுதுவதற்கு முன், இதைப் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார் என்று ஒரு நொடி நினைப்பவர் என்று நான் சொல்வேன்.

குப்பம் ஆய்வு மாணவி எழுதியது:

ஆந்திரத்துக் குப்பத்தில் மொழியியல் படிக்கிறேன். ஊரைச் சுற்றித் தமிழ்நாடும் கர்நாடகமும் இருப்பதால் நாள்தோறும் கேட்பது மூன்று மொழி. பிழைதிருத்துநர் ஐயா கடைசியாகச் சொன்ன காரணம் வலுவானது. பொருள் மயக்கம் உண்மையில் இருக்கிறது. மலையாளத்திலும் ‘எனிக்கு’ என்பதற்கு அந்த இரட்டைப் பொருள் உண்டு. இடத்தை வைத்துத்தான் தெளிகிறார்கள்.

நான் சேர்க்க விரும்புவது வினைமுற்று பற்றியது. எல்லையில் தமிழ் ‘கெடுகிறது’ என்னும்போது நாம் நினைக்கும் மிகப் பெரிய பயம், மலையாளம் போல ஆகிவிடுவோமோ என்பது. மலையாள வினையில் ஆண் பெண், நான் நீ வேறுபாடு இல்லை. ‘அவன் வந்நு, அவள் வந்நு, ஞான் வந்நு’ எல்லாம் ஒன்றே. முன்பு அப்படி இல்லை. இராமசரிதம் போன்ற பழைய மலையாள நூல்களில் விகுதிகள் இருக்கின்றன. 1896-இல் கேரள பாணினீயம் எழுதிய ஏ.ஆர். ராஜராஜ வர்மா, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த வழிகளை ஆறாக வகுத்தார். அவற்றில் ஒன்றுக்குப் புருஷபேத நிராசம் என்று பெயர் வைத்தார். வினையில் இட வேறுபாட்டை விடுதல் என்று பொருள்.

நாம் அந்த வழியில் போகவே இல்லையா? ‘வந்திலேன், வந்திலை, வந்திலன், வந்திலர்’ என்று முன்னோர் எழுதினார்கள். இன்று எல்லாவற்றுக்கும் ‘வரவில்லை’. ‘அல்லேன், அல்லை, அல்லன், அல்லள், அல்லர், அன்று’ இருந்த இடத்தில் இன்று ‘அல்ல’ ஒன்றுதான். ‘வேண்டும், முடியும், கூடாது, தெரியும்’ எதிலும் இடமும் பாலும் இல்லை. பேச்சிலோ, ‘மாடுகள் வந்தன’ என்று யாரும் சொல்வதில்லை. ஒருமை முற்றையே பன்மைக்கும் போடுகிறோம். எதிர்மறையில் மலையாளம் நின்ற அதே இடத்தில் நாம் நிற்கிறோம். தஞ்சாவூரிலும் இதுதான் நிலை. அங்கே பக்கத்தில் எந்த மலையாளியும் இல்லை.

அதனால் ஒரு மாற்றம் அடுத்த மொழியிலிருந்து வந்ததா, உள்ளிருந்தே வந்ததா என்பதை வைத்துப் பிழை தீர்மானிக்க முடியாது என்று நினைக்கிறேன். உள்ளிருந்து வந்த மாற்றத்தை நாம் கவனிப்பதுகூட இல்லை. எல்லையில் வருவதற்கு மட்டும் பெயர் வைத்து, சுழித்துவிடுகிறோம்.

திருத்தணி பிழைதிருத்துநர் எழுதியது:

மகளே, ‘அல்லர்’ என்று எழுதுவதை நான் இன்னும் விடவில்லை. ‘அது அன்று’ என்றும் எழுதுகிறேன். விட்டவர்கள் அதிகம் என்பதால் இழப்பு இழப்பில்லை என்று ஆகாது. மற்றபடி நீங்கள் தொகுத்ததை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மூணாறு வாசகி எழுதியது:

எல்லாரும் படித்தவர்களாக இருக்கிறீர்கள். நான் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். தேவிகுளம் வட்டம். எங்கள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலை ஏறினோம். 1956-இல் மாநிலம் பிரித்தபோது இந்த மலை கேரளத்தில் நின்றது.

டீச்சர் அம்மா, உங்கள் பிள்ளைகளின் தமிழ் எனக்குச் செல்வமாகத் தெரிகிறது. இரண்டு பொருளுக்கு இரண்டு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். என் மகன் மலையாள வழியில் படிக்கிறான். அவன் நிலை வேறு. ‘அக்கா நேற்று வந்து’, ‘அப்பா வந்து’, ‘நான் வந்து’ என்கிறான். வந்தாள், வந்தார், வந்தேன் எதுவும் வருவதில்லை. இந்தத் தங்கச்சி எழுதிய ‘வந்நு’ இருக்கிறதே, அதைத் தமிழ் எழுத்தில் போட்டதுபோல் இருக்கிறது. நான் ‘வந்தாள் என்று சொல்’ என்றால் ‘இரண்டும் ஒன்றுதானே அம்மா’ என்கிறான்.

இதையும் மொழி மாறுகிறது என்று விட்டுவிடச் சொல்வீர்களா? என் மாமியார் ஒரு கதை சொன்னால் வினைமுற்றை வைத்தே யார் பேசினார், யார் அழுதார் என்று புரியும், பெயரே சொல்ல வேண்டாம். அவனுக்கு அந்தக் கதை பாதிதான் புரிகிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

மார்த்தாண்டத்துக்காரன் எழுதியது:

அக்கா, இதை விடச் சொல்ல மாட்டேன். நான் சண்டை போட்டது எங்கள் தமிழ் முழுமையாக இருப்பதற்காக. உங்கள் மகன் விஷயத்தில் பறிபோவது வேறு.

குப்பம் ஆய்வு மாணவி எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்தபின், நான் மேலே எழுதியதில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சித்தூர்ப் பிள்ளைகளுக்கு ‘நான் போக வேண்டும்’ என்பதும் தெரியும், ‘எனக்குப் போக வேண்டும்’ என்பதும் தெரியும். இரண்டையும் பொருள் அறிந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு சமுதாயம் முழுவதும், பாட்டி முதல் பேத்தி வரை, அந்த வழக்கைப் பகிர்ந்துகொள்கிறது. மூணாற்றுத் தம்பிக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுதான் இருக்கிறது. பாட்டியின் தமிழ் அவனுக்கு எட்டவில்லை. மலையாளம் விகுதியை இழந்தபோது எல்லாரும் சேர்ந்து இழந்தார்கள். பேரனுக்கும் பாட்டிக்கும் நடுவே கதை அறுந்துபோகவில்லை. இங்கே ஒரே வீட்டுக்குள் அறுகிறது.

செங்கோட்டை ஓய்வாசிரியர் எழுதியது:

மூணாற்று மகளுக்கு: ‘வந்தாள் என்று சொல்’ என்று திருத்தாதீர்கள். திருத்தினால் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும். ஊருக்குப் போயிருக்கும் உறவினர் பற்றி, பெயரும் ‘அவன், அவள்’ என்பதும் சொல்லாமல் பேசி விளையாடுங்கள். ‘நேற்று வந்தாள், இன்று போனான், நாளை வருவார்கள். யார் யார் சொல்?’ விகுதி இல்லாமல் விடை கிடைக்காத விளையாட்டு. எங்கள் வகுப்புகளில் மலையாள வழியிலிருந்து மாறி வந்த பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்தேன். மாமியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்தான் இதற்குத் தகுதியான ஆசிரியர்.

செங்கோட்டையும் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. எங்கள் மூத்தோர் மலையாளம் படித்து அலுவலகம் போனார்கள், வீட்டில் விகுதி தவறாமல் தமிழ் பேசினார்கள். இரண்டும் ஒரு தலைக்குள் இருக்க முடியும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. ‘எனக்குப் பணம் செலுத்த வேண்டும்’ என்ற எடுத்துக்காட்டு என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. பிள்ளைகளிடம் அதையே கொடுத்துப் பார்த்தேன். ‘எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்’ என்பதற்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நான் எழுத ஆசைப்படுகிறேன் என்று பாதிப் பேர், நீ எனக்கு எழுது என்று பாதிப் பேர். அவர்களே சிரித்துக்கொண்டு சண்டையும் போட்டார்கள். ‘எனக்குப் போக வேண்டும்’, ‘எனக்குத் தூங்க வேண்டும்’ என்பவற்றில் ஒருவருக்கும் ஐயம் இல்லை. ஆக, கொடு, எழுது, அனுப்பு, செலுத்து, சொல் என்று பெறுபவர் ஒருவர் இருக்கும் வினைகளில்தான் மயக்கம். போ, படி, தூங்கு, விளையாடு போன்றவற்றில் இல்லை.

இனி நான் செய்யப் போவது இது. மனு, கடிதம், விண்ணப்பம் என்றால் ‘நான்’ என்று மாற்றி, ஏன் மாற்றினேன் என்று அந்தப் பணம் செலுத்தும் வாக்கியத்தைக் காட்டிச் சொல்வேன். ஐயா சொன்னதுபோல் தொலைவில் இருப்பவருக்கும் புரிய வேண்டும் என்பது நியாயமான காரணம், அதைப் பிள்ளைகளால் ஏற்க முடியும். கட்டுரையில், கதையில், உரையாடலில் ‘எனக்குப் போக வேண்டும்’ என்று வந்தால் மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஓரத்தில் ‘மலையாளம்’ என்று எழுதுவதை எங்கள் பள்ளியில் நிறுத்தச் சொல்லிப் பேசியிருக்கிறேன். அந்தச் சொல் பிழையைக் காட்டவில்லை, பிள்ளையின் வீட்டைக் காட்டுகிறது.

பொதுத்தேர்வுத் தாள் என் கையில் இல்லை. அதைத் திருத்துபவர் எந்தப் பக்கத்துக்காரராகவும் இருக்கலாம். அதனால் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வாக்கியமும், எதை எங்கே எழுதுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அது என் பொறுப்பு.

திருத்தணி பிழைதிருத்துநர் எழுதியது:

கட்டுரையில் விடுவது பற்றி எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை, டீச்சர். உரையாடலில் விடுங்கள், சரி. கட்டுரை ஊர் தாண்டிப் போகும். ஆனால் ‘மலையாளம்’ என்று எழுதுவதை நிறுத்தச் சொன்னீர்களே, அதற்கு என் முழு ஆதரவு. திருத்தம் செய்பவர் சரியான வடிவத்தை எழுத வேண்டும். பழியை எழுதக் கூடாது.

குப்பம் ஆய்வு மாணவி எழுதியது:

டீச்சர் பிரித்துக் காட்டிய அந்த வினை வேறுபாடு அருமையானது. எல்லை ஊர்களில் இருக்கும் எல்லாரிடமும் கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பெரியவரும் சின்னவரும் ஆசையைச் சொல்லும் வாக்கியத்தையும் கடமையைச் சொல்லும் வாக்கியத்தையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். ஊரும் பேசுபவரின் வயதும் போதும், பெயர் வேண்டாம். சத்தியவேடு, புத்தூர், கூடலூர், குமுளி, பாறசாலைப் பக்கத்திலிருந்து இதுவரை யாரும் எழுதவில்லை.

மூணாறு வாசகி எழுதியது:

எங்கள் வீட்டிலிருந்து. மாமியார், எழுபதைத் தாண்டியவர்: ‘நான் ஊருக்குப் போக வேண்டும்’, ஆசைக்கும் கடமைக்கும் இதுவே. ஆசை என்றால் குரல் இழுக்கும். நான்: கடமைக்கு ‘நான் போக வேண்டும்’, ஆசைக்கு ‘எனக்குப் போக வேண்டும்’. மகன், பதினொன்று: இரண்டுக்கும் ‘எனக்குப் போக வேண்டும்’.

ஐயா சொன்ன விளையாட்டைத் தொடங்கிவிட்டோம். ‘வருவாள்’ என்று ஒருமுறை தானாகவே சொன்னான். ‘வந்தன’ மட்டும் எங்களில் யாருக்குமே வாயில் வரவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.